களிம்பும் கருவியும்

பழுது பார்த்த ஒரு பொருள் முன்பிருந்த அதே பொருள்தானா, அல்லது அதன் பெயரைச் சுமக்கும் வேறொன்றா என்பது தத்துவ நூல்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வி. தேர், கப்பல், குடம், உடல் என்று எடுத்துக்காட்டுகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுப் பழமையுள்ள வீட்டு ஸ்டீரியோ செட்டும் அந்த வரிசையில் சேரத் தகுதியுள்ளது. அதில் இருவகைப் பழுதுகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. உறுப்பு நன்றாகவே இருக்க, மேலே ஏதோ படிந்து தடுப்பது ஒன்று. உறுப்பே கெட்டுப்போவது மற்றொன்று. முன்னதற்குத் துடைத்தால் போதும். பின்னதற்கு மாற்றியாக வேண்டும். கப்பலையும் தேரையும் பற்றிய வாதங்கள் மாற்றுவதை மட்டுமே பேசுகின்றன. துடைப்பதைத் தத்துவத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது சைவ சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தம் வெள்ளாற்றுக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வளர்ந்தது. கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில் உள்ள பெண்ணாடம், 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் பிறந்த ஊர் என்பது மரபு. அவர் வளர்ந்தது திருவெண்ணெய்நல்லூரில். அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாச்சாரியார் பண்ருட்டிப் பக்கத்துத் திருத்துறையூர்க்காரர். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 நூற்பாக்களும் 40 அடிகளும் மட்டுமே கொண்டது. அதன் மூன்றாம் நூற்பா உயிர் உண்டு என்று நிறுவ வரும்போது, உடம்பை மாயையால் ஆன இயந்திரம் என்றே குறிப்பிடுகிறது. உடம்பு இயந்திரம் என்றால், இயந்திரத்தின் பழுதைப் பற்றி அந்த மரபுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

திட்டக்குடி போன்ற வட்டத் தலைநகரங்களில் எஞ்சியிருக்கும் பழைய செட்டுகள் பெரும்பாலும் 1970-களிலும் 80-களிலும் வாங்கியவை. எச்.எம்.வி., பிலிப்ஸ் ரெக்கார்ட் பிளேயர்கள், சோனோடைன், காஸ்மிக் போன்ற இந்திய ஆம்ப்ளிபையர்கள், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த சான்சுயி, அகாய், நேஷனல் பானசோனிக் என்று பலவகை. வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கத்து வோல்டேஜ் சுவிட்ச். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. இந்த ஒன்றைக் கவனிக்காமல் எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்கள் எத்தனையோ.

பல ஆண்டுகள் பரணில் கிடந்த செட்டை நேராகப் பிளக்கில் செருகக் கூடாது. ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்து, அதன் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். மெக்கானிக் கடைகளில் இதைச் சீரிஸ் போர்டு என்பார்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட்டு தப்பிக்கும். பழுதில்லை என்றால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது; இழை சூடானதும் தடை கூடும் பழைய குண்டு பல்புதான் வேண்டும். திறந்து கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பெரிய பில்டர் கண்டென்சர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட வேண்டும்.

வால்யூம் குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு, ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் மௌனமாவது, குமிழைத் தட்டினால் பாட்டு திரும்புவது ஆகிய மூன்றும்தான் பழைய செட்டுகளின் மிகப் பொதுவான புகார்கள். பெரும்பாலும் மூன்றுக்கும் காரணம் அழுக்கு. வால்யூம் கன்ட்ரோலுக்குள் வளைந்த கரிப்பாதை ஒன்றும் அதன்மேல் நகரும் உலோக நாக்கு ஒன்றும் உண்டு. பாதையில் தூசி படிந்தால் நாக்கு அங்கங்கே தொடர்பை இழக்கும், அதுவே கரகரப்பு. செலக்டர் சுவிட்சின் வெள்ளித் தொடர்புகளைக் காற்றிலுள்ள கந்தகம் கறுப்பாக்கும். செப்புப் பிளக்குகளில் ஈரமும் காற்றும் சேர்ந்து பச்சை ஏற்றும். பேட்டரி ஒழுகிய இடமென்றால் பச்சை இன்னும் தடிப்பாக நிற்கும். கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி, குமிழைக் கடைசி வரை இப்படியும் அப்படியும் பலமுறை சுழற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெட்ரோலை ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது குமிழுக்குள் உள்ள உயவுப் பசையையும் சேர்த்துக் கரைத்துவிடுவதோடு, தீக்கும் வழி வைக்கும்.

இந்த வேலையில் செட்டோடு புதிதாக ஒன்றும் சேரவில்லை. முன்பிருந்த எந்த உறுப்பும் போகவும் இல்லை. ஆனாலும் இல்லாமல் போயிருந்த ஒன்று திரும்பியிருக்கிறது. மெக்கானிக் ஓசையை உண்டாக்கவில்லை, தடையை நீக்கினார். ஆம்ப்ளிபையரின் ஆற்றல் அழுக்குக்கு அடியில் அப்படியே இருந்தது.

சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிச் சொல்வது கிட்டத்தட்ட இதையே. உயிர் இயல்பில் அறியும் தன்மையுடையது. ஆணவ மலம் அந்த அறிவை மறைக்கிறது. வீடுபேறு என்பது புதிய அறிவு ஒன்றைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை, மறைப்பு விலகுவது. இதற்குச் சித்தாந்த நூல்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் உவமைகள் இரண்டு: நெல்லில் உமி, செம்பில் களிம்பு. களிம்பு ஏறிய செம்பும் செம்புதான். ஆனால் அதன் ஒளி வெளிப்படாது.

உவமை இவ்வளவு பொருந்துவது ஆசிரியர்களின் கருத்தைச் சரியாகப் பிடித்ததாலா, அல்லது மேலோட்டமான ஒற்றுமையாலா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். சித்தாந்தத்தில் ஆணவம் இடையில் வந்து ஒட்டியதில்லை. உயிர் உள்ள அன்றே அதுவும் உண்டு. களிம்பும் செம்புக்கு உடன்பிறந்தது என்பதே அந்த உவமையின் உயிர்நாடி. வேதியியல் வேறு சொல்கிறது: களிம்பு காற்றும் நீரும் கரியமில வாயுவும் செம்போடு சேர்ந்து பிறகு உண்டாவது. காற்றுப் புகாத கண்ணாடிக்குள் வைத்தால் செம்பு பளபளப்பாகவே இருக்கும். இதனால் உவமை உடைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம், அது அவசரம். பொன்னை அதே காற்றில் வைத்தால் பச்சை ஏறாது. களிம்பு வெளியிலிருந்து வந்தாலும், களிம்பேறும் தன்மை செம்பின் உள்ளேயே இருப்பது. சித்தாந்தி உடன்பிறந்தது என்று சொல்வதை அந்தத் தன்மை என்று கொண்டால் வாதம் நிற்கிறது. ஒரு விலையுடன்: துடைத்த செம்பு மீண்டும் களிம்பேறும், ஆனால் மலம் நீங்கிய உயிர் மீண்டும் கட்டுப்படாது என்று சித்தாந்தம் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் அந்நூல்கள் செம்பைத் துடைப்பதோடு நிறுத்தாமல், இரசகுளிகை பட்டுச் செம்பு பொன்னாவதையும் பேசுகின்றன. ஆடியோ பிளக்குகளுக்குப் பொன்முலாம் பூசுகிறவர்கள் இதே கவலைக்குத்தான் தங்கள் அளவில் விடை தேடுகிறார்கள்.

மாற்ற வேண்டிய பழுதுகளுக்கு வந்தால் கேள்வி இன்னும் கடினமாகிறது. முதலில் கெடுவது எலெக்ட்ராலிட்டிக் கண்டென்சர். அலுமினியத் தகடும், மின்பகு திரவத்தில் ஊறிய தாளும் சுருட்டி அடைத்த சிறு டப்பா அது. திரவம் ஆண்டுக்கணக்கில் உலர்கிறது. உள்வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. கோடையில் தகரக் கொட்டகைக்குள் கிடந்த செட்டின் கதியை இதிலிருந்து ஊகிக்கலாம். பில்டர் கண்டென்சர் உலர்ந்தால் ஸ்பீக்கரில் ஹம் என்ற அடிநாதம் கேட்கும். 50 சுழற்சி மின்சாரம் முழு அலையாகத் திருத்தப்படும்போது வரும் 100 ஹெர்ட்ஸ் ஓசை அது. மாற்றும்போது அதே கொள்ளளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட், சரியான துருவம் ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். 105 டிகிரி என்று அச்சிட்டது கிடைத்தால் நல்லது. துருவம் மாறினால் டப்பா வெடிக்கும். வியப்பு என்னவென்றால், ஓடாமல் கிடந்த கண்டென்சரும் கெடும். தகட்டின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் மின்னழுத்தம் இல்லாத காலத்தில் மெலிகிறது. பத்திரப்படுத்துவதாக நினைத்துத் துணி சுற்றி வைத்த செட்டு, தினமும் பாடிய செட்டைவிட மோசமாக இருப்பதும் உண்டு.

அடுத்தது ரப்பர் பெல்ட். கேசட் டெக்கின் பெல்ட் நீண்டு தளர்ந்தால் பாட்டு இழுக்கும். முற்றிப்போனால் தார்போல் உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுரண்ட வேண்டும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் உள்ள நுரைவளையம் ஈரக்காற்றில் பொடிந்து உதிரும். விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டலாம், கூம்பு பழையதாகவே இருக்கும். விரிசல் விட்ட ஈய இணைப்புகளை மறுபடி உருக்கினால் சேர்ந்துவிடும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த ஈயம் 183 டிகிரியில் உருகும். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிடுவதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது. அது பழுதை மூடி வைத்து அடுத்த உறுப்பைப் பலி கொடுப்பது.

இப்போது ஒரு செட்டில் கண்டென்சர்கள் அனைத்தும், பெல்ட்டுகள், ஸ்பீக்கர் விளிம்புகள், நாலைந்து டிரான்சிஸ்டர்கள் புதியவை என்று வைத்துக்கொள்ளலாம். அது அதே செட்டா? நியாய வைசேடிகரின் விடை கறாரானது. பகுதிகளுக்கு மேல் முழுமை என்று தனிப்பொருள் உண்டு, அதற்கு அவயவி என்று பெயர். ஒரு பகுதி போனாலும் பழைய அவயவி அழிந்து புதியது பிறக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பெல்ட் மாற்றினாலே செட்டு வேறு. பௌத்தரின் விடை எதிர்த்திசையில் போகிறது. கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதாக மிலிந்த பண்ஹா சொல்லும் உரையாடல் புகழ்பெற்றது: சக்கரம் தேரா, அச்சு தேரா, எல்லாம் சேர்ந்த குவியல் தேரா? எதுவும் இல்லை, தேர் என்பது ஒரு வழக்குப் பெயர். முழுமை என்று ஒன்று முன்பே இல்லாததால், அது அதேதானா என்ற கேள்விக்கும் இடமில்லை. மேற்கில் புளூட்டார்க் சொன்ன தீசியஸின் கப்பலுக்கு, 17-ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் ஒரு முடிச்சைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸுடையது? ஸ்டீரியோவில் இந்த முடிச்சு தானே அவிழ்கிறது. கழற்றிய கண்டென்சர்கள் உலர்ந்தவை. அவற்றைச் சேர்த்தால் செட்டு வராது. ஹாப்ஸின் பலகைகள் கெடாதவை என்று எடுத்துக்கொண்டால்தான் புதிர் நிற்கும், கெடாத பலகையை யாரும் மாற்றுவதில்லை.

சித்தாந்தம் நியாய வைசேடிகருக்கும் பௌத்தருக்கும் நடுவில் நிற்கிறது என்று சொல்வது எளிது, சரியல்ல. அது கேள்வியையே இடம் மாற்றுகிறது. காரணத்தில் நுட்பமாக இல்லாதது காரியத்தில் தோன்றாது என்ற சற்காரிய வாதம் அதன் அடிப்படை. அதற்குத் தரும் எடுத்துக்காட்டு குடம்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். சுட்ட மண் என்றதும் நினைவுக்கு வரும் பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். பொம்மையும் அகலும் முதல் மின்தொழிலுக்கான பீங்கான் உருப்படிகள் வரை அங்கே சூளையிலிருந்து வருகின்றன. பழைய ரெக்கார்ட் பிளேயரின் ஊசிக்கு மேலுள்ள காட்ரிட்ஜும் பலவற்றில் பீங்கான் வகையே. அது வேறு பீங்கான், களிமண் அல்ல. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் செயற்கைக் கலவை. அதற்கு முன்பு பயன்பட்ட ரோஷெல் உப்புப் படிகம் ஈரத்திலும் வெயிலிலும் சிதைந்துவிடும் என்பதால்தான் பீங்கான் அந்த இடத்துக்கு வந்தது. ஒரு பிளேயரில் படிகக் காட்ரிட்ஜை எடுத்துப் பீங்கானை வைத்தால் முதற்காரணமே மாறுகிறது, ஆனால் நிமித்தமும் பயனும் மாறவில்லை. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைவிட யாருக்காக ஆனது என்று கேட்பதே சித்தாந்தத்தின் வழக்கம்.

மாற்றுவதற்கு எல்லை உண்டா என்ற கேள்விக்குத் தத்துவ நூல்களைவிடக் கோயில் நடைமுறை தெளிவான விடை வைத்திருக்கிறது. திட்டக்குடியில் வைத்தியநாதசுவாமி கோயில், பெண்ணாடத்தில் தூங்கும் யானையின் முதுகைப்போல் வளைந்த விமானம் கொண்ட பிரளயகாலேசுவரர் கோயில்; எந்தக் கோயிலானாலும் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கலசத்திலோ மரப்பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்தபிறகுதான் கருவறையில் வேலை. முடிந்ததும் குடமுழுக்கில் சக்தி திரும்புகிறது. பெரும்பாலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இதில் பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையிலுள்ள பழைய அஷ்டபந்தனத்தைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சாத்துவார்கள். கொம்பரக்கு, சுக்கான் கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எனும் எட்டும் இடித்துச் சேர்த்த மருந்து அது. இதுவும் உலர்ந்து வெடிக்கும் ஒரு பொருள், காலக்கெடுவில் மாற்றப்படுவது. அது மாறியதால் தெய்வம் மாறியதாக யாரும் எண்ணுவதில்லை.

திருமேனியே பின்னமானால் ஆகமங்கள் வேறுபடுத்திப் பார்க்கின்றன. அணியிலோ ஆயுதத்திலோ சிறு சேதமென்றால் சீர் செய்து வழிபடலாம். முதன்மை உறுப்பு சிதைந்தால் விலக்கி வேறு அமைக்க வேண்டும். சுயம்பு லிங்கத்துக்கு இந்த விதி இல்லை. வெட்டுத் தழும்போடு வழிபடப்படும் லிங்கங்கள் தமிழ்நாட்டில் பல. மனிதர் செய்ததற்கு ஒரு விதி, தானே தோன்றியதற்கு வேறு விதி என்பதைச் சலுகை என்று ஒதுக்கிவிட முடியாது. செய்பொருளின் அடையாளம் செய்தவரின் நோக்கத்திலும் முழுமையிலும் இருக்கிறது, சுயம்புவின் அடையாளம் இருப்பிலேயே இருக்கிறது என்ற தெளிவான கோட்பாடு அதற்குப் பின்னால் உள்ளது. ஸ்டீரியோ செட்டு சந்தேகமில்லாமல் முதல் வகை.

பெண்ணாடத்தோடு சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சி இங்கே பொருந்துகிறது. சமண மடத்தில் தருமசேனராக இருந்து சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசர், அந்தத் தொடர்பு பட்ட உடம்போடு வாழத் தயங்கி, அவ்வூர்க் கோயிலான திருத்தூங்கானைமாடத்தில் தன் மேல் சிவனின் குறியைப் பொறிக்க வேண்டினார். தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப்பட்டன என்று பெரிய புராணம் சொல்கிறது. அவர் வேறு உடம்பு கேட்கவில்லை. பழைய உடம்பே இருந்தது. அது யாருக்கு உரியது என்பது மட்டும் மாறியது. உறுப்பு ஒன்றும் மாறாமல் அடையாளம் மாறமுடியும் என்றால், உறுப்புகள் பல மாறியும் அடையாளம் நிலைக்கவும் முடியும். இரண்டிலும் தீர்மானிப்பது உரிமை. பொருளில் எவ்வளவு பழையது என்ற கணக்கு பின்னுக்குப் போகிறது.

மெய்கண்டாரின் மூன்றாம் நூற்பா இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. என் உடல் என்று சொல்வதும், ஐம்புலன்களும் தனித்தனியே அறிவதைச் சேர்த்து அறிவதும், உறக்கத்தில் உடல் கிடக்க நுகர்ச்சி நின்றுபோவதும் உயிர் வேறு, கருவி வேறு என்பதற்கு அதில் சான்றுகள். செவி தானாகக் கேட்பதில்லை. செவி வழியாக உயிர் கேட்கிறது. செட்டு அந்தச் செவிக்கும் முன்னால் நிற்கும் இன்னொரு கருவி. ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்குப் பதில் சிலிக்கான் வைத்து பயாஸை மாற்றியமைத்தால் ஓசை சற்றே வேறுபடும், அளவுகருவி அதைக் காட்டும். ஆனால் செட்டை மட்டும் மேசைமேல் வைத்து அது அதேதானா என்று கேட்டால் விடை வராது. கேட்பவருக்குக் கருவியாக அது தொடர்கிறதா என்றால் விடை உண்டு. பிறந்த உடம்பில் பால்பல் விழுந்து முளைத்தபின்னும் என் உடல் என்று சொல்ல முடிவதும் இதனால்தான்.

இந்த விடைக்கு ஒரு குறை உண்டு. கேட்பவர் இறந்தபின் செட்டு யாருடைய கருவி? பிள்ளைகள் கேட்கும்வரை அவர்களுடையது என்று சொல்லலாம். யாரும் கேட்காமல் காட்சிக்கு வைத்த செட்டு சித்தாந்தக் கணக்கில் கருவியே அல்ல, வெறும் மாயையின் காரியம். சேகரிப்பாளர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அசல் கண்டென்சரை எடுக்காமல், பாடாவிட்டாலும் பரவாயில்லை என்று வைத்திருப்பவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் செட்டைச் சுயம்புவாக நடத்துகிறார்கள்.

சீர் செய்ய முடியாத நிலையும் வரும். உற்பத்தி நின்றுபோன எஸ்.டி.கே. வகை ஐ.சி. எரிந்து, கிடைப்பதெல்லாம் போலியாக இருந்தால், டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போயிருந்தால், மறுபடி காயில் கட்டும் செலவு செட்டின் மதிப்பைத் தாண்டும். விலக்கிய திருமேனியை ஆற்றிலோ கடலிலோ விடுவது ஆகம வழக்கம். செட்டுக்கு அந்த வழி இல்லை. பழைய ஈய இணைப்பில் காரீயம் இருக்கிறது, வெள்ளாற்றில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். அதற்கு முன் குமிழ்கள், ஸ்பீக்கர் கூம்பு, நல்ல நிலையிலுள்ள சுவிட்சுகள் ஆகியவற்றைக் கழற்றி வைப்பது மெக்கானிக் கடைகளின் வழக்கம், இன்னொரு செட்டுக்கு அவை உறுப்பாகும்.